குழந்தைகிட்ட பிளாஸ்டிக் போஸ்டர் வரையச் சொல்றதுக்கு முன்னாடி, உங்க மாச பில்லைக் காட்டுங்க

ஸ்கூல்ல 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்'னு ஒரு ப்ராஜெக்ட் கொடுக்குறாங்க. நாம என்ன பண்றோம்? ராத்திரி ஒன்பது மணிக்கு ஆப்பைத் திறந்து சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பென், தெர்மோகோல் ஷீட் எல்லாம் ஆர்டர் போடுறோம். பத்து நிமிஷத்துல வந்துடுது, ஒவ்வொண்ணும் தனித்தனி கவர்ல. குழந்தை அந்தக் கவரை எல்லாம் பிரிச்சுக் குப்பையில போட்டுட்டு, பிளாஸ்டிக்கால கடல் ஆமை செத்துப் போகுதுன்னு படம் வரையுது. மறுநாள் மிஸ் ஸ்டார் போடுறாங்க.

இதுல எனக்கு ஒரு நியாயமான கோபம் இருக்கு. அந்த வீட்ல எந்தப் பொருள் எந்த உறையில வரணும்னு முடிவு பண்றது குழந்தை இல்ல. சாலரி வர்ற ஆளு, அதாவது நீங்களும் நானும். ஆனா குற்ற உணர்ச்சியை மட்டும் ஏழு வயசுக் குழந்தை தலையில ஏத்தி விடுறோம். ஆபீஸ் பாஷையில சொன்னா, பட்ஜெட் அதிகாரம் ஒருத்தர் கையில, டார்கெட் இன்னொருத்தர் தலையில. உங்க மேனேஜர் இப்படிப் பண்ணா ஒத்துக்குவீங்களா?

அதனால என் கருத்து இதுதான். குழந்தை பிளாஸ்டிக்கைக் குறைக்கணும்னா அதுக்கு அறிவுரை வேண்டாம், பரிசும் வேண்டாம். பணம் எங்க போகுதுன்னு காட்டுங்க, அதுல ஒரு சின்னப் பங்கை அது கையிலயே கொடுங்க. இது சுற்றுச்சூழல் சேனல் இல்ல, பர்சனல் ஃபைனான்ஸ் இடம்தான். ஆனா இந்த விஷயம் இங்கதான் வரணும்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒரு மாச வேலை. பால்கனியில ஒரு பழைய அரிசிச் சாக்கை மாட்டுங்க. வீட்டுக்குள்ள வர்ற பிளாஸ்டிக் எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது, எல்லாம் அந்தச் சாக்குக்கு. பால் கவர், எண்ணெய் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, டெலிவரி டப்பா, சாம்பார் கட்டின குட்டிப் பை, எல்லாம்தான். பால் கவரைக் கழுவிக் காய வச்சுப் போடுங்க, இல்லாட்டி மூணாவது நாளே வீட்ல சண்டை வரும். மாசக் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையையும் சாக்கையும் கூட்டிட்டு தெருமுனை பழைய பேப்பர் கடைக்குப் போங்க.

அங்க நடக்கிறதைக் குழந்தை பாக்கணும். கடைக்காரர் சாக்கைக் கொட்டி, கண்ணாலயே பிரிச்சுடுவார். பால் கவர், எண்ணெய் கவர் ஒரு பக்கம். தண்ணி பாட்டில் ஒரு பக்கம். உடைஞ்ச மக்கு, டப்பா மூடி மாதிரி கெட்டி பிளாஸ்டிக் ஒரு பக்கம். இதெல்லாம் எடைக்குப் போகும், ஏதோ கொஞ்சம் காசு வரும். மிச்சத்தைக் கையால தள்ளி விட்டுடுவார். 'இது போகாது சார், எடுத்துட்டுப் போங்க.' அந்தக் குவியல்ல என்ன இருக்கும்னு பாருங்க. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, சாஷே, சாக்லேட் பேப்பர், ஸ்ட்ரா, ஸ்பூன். பெரும்பாலும் குழந்தைக்குன்னு நாம வாங்கினது.

சிப்ஸ் பாக்கெட் ஏன் போகாதுன்னு குழந்தை கண்டிப்பா கேக்கும். பதில் சிம்பிள். அது ஒரே பிளாஸ்டிக் இல்ல. உள்ள மினுமினுன்னு இருக்கிற உலோகப் பூச்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் படலம், அதுக்கு மேல பிரிண்ட் போட்ட இன்னொரு படலம்னு ஒண்ணா ஒட்டினது. பிரிச்சு எடுக்கிற செலவு, அதுல கிடைக்கிற பொருளோட மதிப்பை விட ஜாஸ்தி. அதான் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க. தண்ணி பாட்டில் ஒரே வகை பிளாஸ்டிக், உருக்கி நூலாக்கலாம். அதனால தெருவுல கிடந்தாக் கூட ஒருத்தர் பொறுக்கிட்டுப் போறார்.

அக்கவுண்ட்ஸ் படிச்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஒரு பொருளோட ஆயுசு முடியும்போது அதுக்கு என்ன விலை கிடைக்கும்ங்கறதுதான் ஸ்கிராப் வேல்யூ. பால் கவருக்கு அது கொஞ்சமாவது இருக்கு. சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஜீரோ. ஜீரோன்னு சொல்றது கூடத் தப்பு, மைனஸ். ஏன்னா அதை அள்ளி, லாரியில ஏத்தி, எங்கயோ கொட்டுறதுக்கு ஒருத்தர் செலவு பண்றார். அந்தச் செலவு பாக்கெட் மேல அச்சடிச்ச 10 ரூபாய்க்குள்ள இருக்கறதா நமக்குத் தெரியறதே இல்ல. மாநகராட்சி வழியா, நீங்க கட்டுற சொத்து வரி வழியா அது சுத்தி வருது.

எங்க கொட்டுறாங்கன்னு ஓஎம்ஆர்ல வேலை பாக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். துரைப்பாக்கத்துல இருந்து பல்லாவரம் போற ரேடியல் ரோட்டுல கார் கண்ணாடியை ஏத்திட்டுப் போறீங்களே, அதுதான் பெருங்குடி குப்பைக் கிடங்கு. ஒட்டியே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த இடம், குளிர்காலத்துல வெளிநாட்டுப் பறவை எல்லாம் வந்து இறங்கும். அதே 2022 ஏப்ரல்ல இந்தக் கிடங்கு பத்தி எரிஞ்சு, சுத்துவட்டாரம் புகையில மூச்சு முட்டினது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். வட சென்னைக்காரங்களுக்கு இதே கதை கொடுங்கையூர்ல. கண்ணு தெரியாத கடல் ஆமையை விட இது குழந்தைக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு நாள் அந்த வழியா போகும்போது 'நம்ம வீட்டுச் சாக்குல மிச்சமான குவியல் இங்கதான் வரும்'னு சொல்லுங்க, போதும். லெக்சர் வேண்டாம்.

சரி, பழக்கத்தை மாத்துறது எப்படி? இங்கதான் பெரும்பாலான பெற்றோர் பரிசுக்குப் போயிடுறாங்க. 'இந்த வாரம் சிப்ஸ் கேக்காம இருந்தா 20 ரூபாய் தர்றேன்.' இது வேலை செய்யாதுன்னு நான் சொல்றதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு.

அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலத்தோட மாண்ட்கோமரி கவுண்டியில, 2012 ஜனவரியில இருந்து கடையில வாங்குற ஒவ்வொரு பைக்கும் 5 சென்ட் வரி போட்டாங்க. அதுக்கு முன்னாடியே சில கடைகள்ல, சொந்தப் பை கொண்டு வந்தா 5 சென்ட் தள்ளுபடின்னு ஒரு ஸ்கீம் இருந்துச்சு. அதே 5 சென்ட்தான். தாட்டியானா ஹோமனாஃப்ங்கிற பொருளாதார ஆய்வாளர் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. தள்ளுபடி கொடுத்த கடையிலயும், எதுவுமே கொடுக்காத கடையிலயும் மக்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பை எடுத்துட்டு இருந்தாங்க. வரி வந்ததும் பை எடுக்கிறவங்க பங்கு 40 சதவீதப் புள்ளிக்கு மேல இறங்கிடுச்சு. அயர்லாந்துல 2002ல பைக்கு 15 சென்ட் வரி வந்தப்பவும், பை உபயோகம் சுமார் 90 சதவீதம் குறைஞ்சது.

ஷேர் மார்க்கெட்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். 10,000 ரூபாய் லாபம் வந்தா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டுத் தூங்கிடுவோம். அதே 10,000 இறங்கினா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆப்பைத் திறந்து பாப்போம். லாஸ் அவெர்ஷன். குழந்தைக்கும் அதே மனசுதான். வரப் போற 20 ரூபாய் அதை அசைக்காது. கையில இருக்கிற 20 ரூபாய் போகப் போகுதுன்னா யோசிக்கும்.

அதனால பரிசுக்குப் பதிலா கவர் சிஸ்டம். (காகிதக் கவர்தாங்க!) எட்டு வயசுக்கு மேல இருந்தா இப்படிச் செய்யலாம். வாரம் ஒரு தொகை, உதாரணத்துக்கு 100 ரூபாய், 'ஸ்நாக்ஸ் பணம்'னு குழந்தை பேர் எழுதி ஒரு கவர்ல ரொக்கமா போட்டு வைங்க. யுபிஐ வேண்டாம், ஸ்கேன் பண்ற சத்தத்துல பணம் போன வலி தெரியாது. பாக்கெட்ல அடைச்ச எதை வாங்கினாலும் அந்தக் கவர்ல இருந்துதான் போகணும். டப்பா கொண்டு போய் உதிரியா வாங்குறதும் அதே கவர்லதான். வாரக் கடைசியில மிச்சம் அதோட உண்டியலுக்கு. வீட்ல செய்யுற சுண்டல், பழம், இட்லி எல்லாம் உங்க கணக்கு. பசிக்குச் சாப்பிடுறதுல கணக்குப் பாக்க வைக்காதீங்க, அது கஞ்சத்தனத்துல கொண்டு போய் விடும்.

அப்புறம் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கக் கத்துக் கொடுங்க. சில வருஷமா எம்ஆர்பிக்குப் பக்கத்துலயே 'யூனிட் சேல் பிரைஸ்'னு ஒண்ணு போடுறாங்க, ஒரு கிராம் எவ்வளவுன்னு. பெரியவங்களே நிறைய பேர் இதைக் கவனிக்கறது இல்ல. 10 ரூபாய் பாக்கெட்ல 20 கிராம் இருக்குன்னு வச்சுக்கோங்க. கிராம் 50 பைசா, கிலோ 500 ரூபாய். உங்க ஏரியா மிட்டாய்க்கடையில காராபூந்தி, முறுக்கு, கடலை மிட்டாய் கிலோ என்ன விலைன்னு குழந்தையையே கேட்டுட்டு வரச் சொல்லுங்க. நாலாம் வகுப்புக் கணக்குதான் இது. எவர்சில்வர் டப்பாவை நீட்டி 'அண்ணே, இதுல கால் கிலோ போடுங்க, டப்பா எடையைக் கழிச்சுடுங்க'ன்னு கேக்குற தைரியம் வந்துடுச்சுன்னா, அது வளர்ந்து சாலரி நெகோஷியேட் பண்றதுக்கும் உதவும்னு நான் நம்புறேன்.

டெபாசிட்ங்கறது நமக்குப் புதுசும் இல்ல. கோலி சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காம பெட்டிக்கடையை விட்டு யாராவது நகர முடிஞ்சுதா? கலர் பாட்டிலுக்குக் கடைக்காரர் காசு பிடிச்சு வச்சுட்டு, பாட்டிலைக் கொடுத்தப்புறம்தான் மிச்சத்தைத் தருவார். 2022ல நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்ற திட்டம் வந்துச்சு, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. காட்டுல உடைஞ்சு கிடந்த பாட்டில் யானை காலைக் கிழிச்சுட்டு இருந்த ஊர் அது. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு. குழந்தைங்களைப் பத்தின பதிவுல டாஸ்மாக்கான்னு கேக்காதீங்க, 10 ரூபாய் செய்யுற வேலையை அறிவிப்புப் பலகை செய்யலைங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் நம்ம ஊர்ல இல்ல.

இப்போ உங்க பக்கம் வருவோம். இதுல குழந்தையால ஒண்ணும் பண்ண முடியாது, நீங்கதான் பண்ணணும்.

எஸ்ஐபி ஏன் வேலை செய்யுது? மாசாமாசம் முடிவு எடுக்க வேண்டியதில்ல, 5ஆம் தேதி தானா போயிடுது. துணிப் பையும் அப்படித்தான். மனசுல ஞாபகம் வச்சு எடுத்துட்டுப் போறதுன்னா ஒரு நாளும் நடக்காது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில ரெண்டு, ஆபீஸ் பேக்ல ஒண்ணு, செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல ஆணியில ஒண்ணு. நிரந்தரமா. ஆப்ல சாப்பாடு ஆர்டர் போடும்போது ஸ்பூன், ஃபோர்க் வேண்டாம்ங்கற டிக்கை ஒரு தடவை பாருங்க. இதெல்லாம் ஒரே நாள் செட்டிங்.

புதுசா துணிப் பை வாங்காதீங்க. சீரியஸா சொல்றேன். 2011ல இங்கிலாந்தோட சுற்றுச்சூழல் முகமை ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. காலநிலை பாதிப்பை மட்டும் கணக்குல எடுத்தா, ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது உபயோகிச்சாதான், ஒரே தடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடுற மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும்னு. அது குப்பையா தெருவுல கிடக்கிற பாதிப்பைக் கணக்குல எடுக்கலை, அது தனி. ஆனா பாடம் முக்கியம்: பருத்தி விளையவும் நெய்யவும் தண்ணி, மின்சாரம் எல்லாம் போகுது. வாரம் ரெண்டு தடவைன்னா 131 வர்றதுக்கு ஒன்றே கால் வருஷம் ஆகும். உங்க வீட்டு பீரோ மேல் தட்டுல கல்யாணத் தாம்பூலப் பை குறைஞ்சது பதினஞ்சு கிடக்கும், 'மணமகன், மணமகள்' பேரோட. அது போதும். 2021 டிசம்பர்ல அரசே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு இயக்கம் ஆரம்பிச்ச பிறகு, மஞ்சப்பை தூக்குறதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல.

'இகோ ஃப்ரெண்ட்லி'ன்னு விக்கிற சாமான்லயும் ஜாக்கிரதை. மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா செட், 1,800 ரூபாய் லஞ்ச் பாக்ஸ். ஒரு உபயோகத்துக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க. 600 ரூபாய் எவர்சில்வர் பாட்டில் நாலு வருஷம், வருஷத்துக்கு 200 நாள்னா, ஒரு நாளைக்கு 75 பைசா. வெளியில போகும்போது ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் 20 ரூபாய்ன்னு வச்சுக்கோங்க. வாரம் ரெண்டு வாங்குற குடும்பம் வருஷத்துக்கு 2,080 ரூபாய் தண்ணிக்குக் கொடுக்குது. ஆனா அதே எவர்சில்வர் பாட்டிலை ஒவ்வொரு ஜூன் மாசமும் புது கார்ட்டூன் படத்துக்காக மாத்தினீங்கன்னா, நாளைக்கு 3 ரூபாய். பச்சை நிற ஷாப்பிங்கும் ஷாப்பிங்தான்.

பிறந்தநாள் பார்ட்டி பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். தெர்மோகோல் அலங்காரமும், பலூனுக்கு வைக்கிற பிளாஸ்டிக் குச்சியும், பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூனும் 2022 ஜூலை 1ல இருந்து நாடு முழுக்கத் தடை. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லயே 14 வகைப் பொருளுக்குத் தடை வந்தாச்சு. ஆனா பார்ட்டி ஹாலுக்குப் போய்ப் பாருங்க. அதை விட எனக்குப் புரியாதது ரிட்டர்ன் கிஃப்ட். 25 குழந்தைக்கு ஆளுக்கு 120 ரூபாய்ன்னா 3,000 ரூபாய். மினுமினு பைக்குள்ள ரெண்டு நாள்ல உடையுற பொம்மை, ரப்பர், ஒரு விசில். மறுநாள் இன்னொரு வீட்டுச் சாக்குல விழுது. அலங்காரத்தையும் சேர்த்தா வருஷத்துக்கு 4,800, அதாவது மாசம் 400. இதை எஸ்ஐபில போட்டு 10 சதவீதம் வளர்ந்தா 15 வருஷத்துல 1.65 லட்சம் ஆகும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா அதுக்காக பிறந்தநாளை நிறுத்தாதீங்க. கேக் வெட்டுங்க, எவர்சில்வர் தட்டு வாடகைக்குக் கிடைக்குது, வாழை இலை கிடைக்குது. ரிட்டர்ன் கிஃப்டை மட்டும் விடுங்க.

'நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப் போகுது, கம்பெனிக்காரனைக் கேளுங்க'ன்னு சொல்றவங்க சொல்றதுல பாதி உண்மை. அதனாலதான் 2022ல விதி கொண்டு வந்து, பிளாஸ்டிக் உறையில பொருள் விக்கிற கம்பெனியே அதுக்கு ஈடான அளவைத் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு விடணும்னு பொறுப்பு வச்சாங்க. அது அவங்க வேலை, அதைக் குழந்தை தலையில ஏத்தக் கூடாதுங்கறதுல நான் உங்க பக்கம். ஆனா நம்ம வீட்டு பில் நம்ம வேலை.

கடைசியா, குழந்தை கேக்கப் போற ஒரு கஷ்டமான கேள்விக்குத் தயாரா இருங்க. யூனிட் விலை பாக்கக் கத்துக் கொடுத்துட்டீங்க இல்லையா? ஒரு நாள் அண்ணாச்சி கடையில ஷாம்பு சாஷேவையும் பெரிய பாட்டிலையும் எடுத்து வகுத்துப் பாக்கும். பல பிராண்டுல சாஷேதான் மில்லிக்கு மலிவு. மொத்தமா வாங்கினா விலை கம்மிங்கற நம்ம பாடமே அங்க தலைகீழ். சாஷே ஷாம்பு பிரபலமானதுல நம்ம கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது அதனாலதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். தினக்கூலி வாங்குற வீட்ல ஒரு சாஷே வாங்குறதும், மாசம் 60,000 வாங்குற வீட்ல சரமா தொங்க விடுறதும் ஒண்ணு இல்ல.

அப்போ குழந்தைகிட்ட 'பாட்டில்தான் லாபம்'னு பொய் சொல்லாதீங்க. சாஷேதான் மலிவு, ஒத்துக்கோங்க. மாசம் எவ்வளவு வித்தியாசம் வருதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போடுங்க, 40 ரூபாயோ 60 ரூபாயோ வரும். அந்தத் தொகையைப் பேப்பர்ல எழுதி, 'பேப்பர் கடைக்காரர் தள்ளி விட்ட குவியலைக் குறைக்க நம்ம வீடு இவ்வளவு கூடுதலா கொடுக்குது, அப்பா அம்மா கணக்குல இருந்து'ன்னு சொல்லுங்க. மாச பட்ஜெட் ஷீட்ல அதுக்குன்னு தனியா ஒரு வரி போடுங்க. அந்த வரிக்கு என்ன பேர் வைக்கலாம்னு குழந்தையையே கேளுங்க.